தாழ்ப்பாள் நேரம்

அது ஒன்றுமில்லை அக்கா, ஃபோன்.

குழந்தை அழுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் குழந்தை இல்லை. என் குழந்தை இதோ என் மடியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாளே. உள்ளே சார்ஜில் கிடக்கிற இன்னொரு ஃபோன் அது. குழுவுக்கென்று தனி ஃபோன், தனி நம்பர். யாராவது செய்தி போட்டால் பச்சைக் குழந்தை சிணுங்குகிற சத்தம் வரும்படி வைத்திருக்கிறேன். மணி அடித்தால் எந்தத் தாய் எழுந்திருக்கிறாள்? குழந்தை சிணுங்கினால் செத்துக் கிடந்தாலும் எழுந்து உட்காருவாள். தொழிலில் இதெல்லாம் யோசிக்க வேண்டும். குழு ஆரம்பிக்கிற யோசனையோடு வந்திருக்கிறீர்கள் இல்லையா, முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நின்றுவிட்டதா? சின்னச் செய்தியாக இருக்கும்.

உட்காருங்கள் அக்கா, ஏன் எழுந்தீர்கள்? அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. துவைக்காத துணி. ஊருக்கெல்லாம் பிள்ளை வளர்ப்புச் சொல்லித்தருகிறவள் வீட்டு அழுக்குத்துணியை நீங்கள் பார்த்துவிட்டால் என் தொழில் என்ன ஆவது?

கோவில்பட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். பெயர் கனி என்றீர்கள். தம்பிதான் பைக்கில் கொண்டுவந்து விட்டார் என்றீர்கள். அவர் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும் அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். என் வீட்டுக்காரர் டைட்டஸுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை, இந்த வாரம் இரவு ஷிஃப்ட். அவர் இல்லாதபோது ஆண்பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. குழுவில் நானே போட்ட விதி. போட்டவளே மீறினால் நன்றாகவா இருக்கும்?

என்ன கேட்டீர்கள், எப்படி ஆரம்பித்தேன் என்றா? எல்லாப் பேட்டியிலும் இதைத்தான் கேட்கிறார்கள். என் அம்மா குவைத்தில் நர்ஸ். மாமியார் இருக்கிறார், இல்லாவிட்டால் தேவலை என்கிற அளவுக்கு இருக்கிறார். பிள்ளையைப் பெற்று இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே டைட்டஸ் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். இவள் அழுகிறாள், நான் அழுகிறேன். கையில் ஃபோன் இருந்தது. பிரசவ வார்டில் என்னோடு கிடந்த ஆறேழு பேரைச் சேர்த்து ‘தூளி’ என்று ஒரு குழு ஆரம்பித்தேன். அவ்வளவுதான். அன்பு, சேவை, சகோதரித்துவம் இதெல்லாம் பிறகு பேட்டிக்காரர்களுக்காகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது ஆயிரத்துச் சொச்சம் பேர். எல்லாரும் சந்தா கட்டுகிறவர்கள். பாளையங்கோட்டையில் மட்டுமே நாற்பது பேர், அவர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன வட்டம். ஆனால் ஆயிரம் பேர் என்றதும் ஆயிரம் அறிவு என்று நினைத்துவிடாதீர்கள். என்ன கேட்பார்கள் தெரியுமா? பிள்ளை பச்சையாகப் போயிருக்கிறது என்று நாப்கினை விரித்துப் படம் எடுத்துப் போடுவார்கள். சோறு சாப்பிடுகிற நேரத்தில். ஒருத்தி அதற்குக் கீழே இதயம் போடுவாள். இன்னொருத்தி வசம்பைச் சுட்டுத் தேய் என்பாள். மூன்றாவது ஒருத்தி, எம்.ஃபில் படித்தவள், “கண்ணு பட்டிருக்கும்ப்பா, உப்பு சுத்திப் போடு” என்பாள். நான் நடுவில் புகுந்து, டாக்டரிடம் போ என்று சொன்னால் எல்லாருக்கும் முகம் வாடிவிடும். டாக்டரிடம் போகிறவள் எதற்குக் குழுவுக்கு வருகிறாள்?

சனிக்கிழமை மட்டும் மாமியார் நேரம். அன்றைக்கு யாரும் பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது, மாமியாரைப் பற்றி மட்டும்தான். நம்ப மாட்டீர்கள், அன்றைக்குக் குழு கொதிக்கும். “எங்க அத்தை பிள்ளை மூக்கைப் பிடிச்சுப் பிடிச்சே நீளமாக்கிட்டாங்க.” “எங்க அத்தை பரவாயில்லியே, எங்க வீட்ல என்னோட தாய்ப்பால் தண்ணியா இருக்குன்னு அடுத்த வீட்ல போய்ச் சொல்லிட்டு வந்தாங்க.” இவளுகளுக்கு ஒரு நாள் மாமியார் இல்லாமல் போனால் பேச வாயே இருக்காது.

ஆனால் அக்கா, சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. நிறுத்தி வைப்பதுதான். பிள்ளைக்குத் தலை நிற்கிறவரை இருப்பார்கள். பிறகு ஒரு நாள் அது ராத்திரி முழுக்கத் தூங்கிவிடும். அடுத்த நாள் இவள் குழுவிலிருந்து போய்விடுவாள். ஒரு நன்றிகூடக் கிடையாது. சந்தோஷமாக இருக்கிறவள் ஒருத்திகூடச் சந்தா கட்டுவதில்லை. இது இரண்டாவது பாடம்.

இதற்காகச் சென்னையில் ஒரு பையனிடம் காசு கட்டி வகுப்பு படித்தேன். குழு நடத்துவது எப்படி என்று சொல்லித்தருகிறவன். தாடி, கறுப்புச் சட்டை, பின்னால் ஒரு செடி. கல்யாணமே ஆகவில்லை. “மேடம், மெம்பர்ஸுக்கு டெய்லி ஒரு சடங்கு கொடுங்க, அதைச் செய்யாம அவங்களுக்குத் தூக்கம் வரக் கூடாது” என்றான். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் வராமலிருக்கச் சடங்கு வேண்டுமாம். சிரித்தேன். ஆனால் அன்றைக்கு இரவே எனக்கு எங்கள் சிஸ்டர் மெக்டில்டா ஞாபகம் வந்தார்.

நான் கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். தினமும் இரவு எட்டரைக்கு சிஸ்டர் டார்ச்சோடு வராந்தாவில் வருவார். ஒவ்வொரு அறைக் கதவாகத் தள்ளிப் பார்ப்பார். உள்ளே இருக்கிறவர்கள் “தாப்பா போட்டாச்சு சிஸ்டர்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாத அறையின் பெயர் காலையில் சாப்பாட்டுக்கூடத்துக் கரும்பலகையில் இருக்கும். அந்த அறைக்கு அன்றைக்குச் சர்க்கரை இல்லாத காப்பி. சுற்றுச்சுவர் யானை உயரம், மேலே கண்ணாடிச் சில்லு, கேட்டில் வாட்ச்மேன், அதைத் தாண்டி உள்ளே யார் வரப்போகிறார்கள்? சிஸ்டருக்குப் பிள்ளைகள் பயந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அத்தனை வருஷத்தில் ஒருத்திகூட ஹாஸ்டலை விட்டு ஓடவில்லை.

சரியாக அந்த நேரத்தில் குழுவில் ஒருத்தி ஒரு செய்தியைக் கொண்டுவந்து போட்டாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. இருட்டின பிறகு வாசலில் குழந்தை அழுகிற சத்தம் கேட்குமாம். பாவம் என்று கதவைத் திறந்தால் திருடர்கள். சத்தம் டேப்பில் பதிவு செய்ததாம். சுத்தப் பொய். எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் கிடையாது. அழித்துவிடலாம் என்று கையை வைத்தேன். அதற்குள் கீழே இருநூறு பேர் பதில் போட்டிருந்தார்கள். ஆறு மாதமாக வாயைத் திறக்காதவளெல்லாம் எழுந்து வந்து, “எங்க தெருவிலயும் நேத்து கேட்டுச்சு” என்கிறாள். பூனையாக இருந்திருக்கும். நான் அழிக்கவில்லை. மேலே குத்திவைத்தேன், குழுவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற மாதிரி. ‘வாசலில் குழந்தை அழுதால் திறக்காதீர்கள்.’ கூடவே அறிவித்தேன்: இன்றிலிருந்து இரவு எட்டரைக்கு ‘தாழ்ப்பாள் நேரம்’. ஒவ்வொருவரும் தங்கள் கதவைப் பூட்டி, போட்ட தாழ்ப்பாளைப் படம் எடுத்துப் போட வேண்டும். ‘தாழ் போட்டாச்சு’ என்று எழுத வேண்டும். போடாதவர் பெயர் மறுநாள் காலை குழுவில் நான் போடுகிற கரும்பலகையில்.

ஒருத்தி போகவில்லை அக்கா அதற்கப்புறம்! ஓடுகிற வயசுப் பிள்ளையை வைத்திருக்கிறவள்கூடப் போகவில்லை. எட்டரை ஆனால் எத்தனை கதவு என்கிறீர்கள். தேக்குக் கதவு, தகரக் கதவு, சாமி படம் ஒட்டின கதவு, ஸ்டிக்கர் ஒட்டின கதவு. புதுத் தாழ்ப்பாள் வாங்கிப் பெருமைக்குப் படம் போடுவார்கள். தாழ்ப்பாளுக்குக் குங்குமம் வைத்தவள்கூட இருக்கிறாள். இதுகளை வைத்து மேய்க்கிறவள் நான்.

என் கதவா? சொன்னால் சிரிப்பீர்கள். என் தாழ்ப்பாள் போன மழைக்கு மரம் உப்பி இறுகியதுதான், இறங்கவே இறங்காது. டைட்டஸ் விடியற்காலையில் சாவி போட்டுத் திறந்து வருவார், எனக்கெதற்குத் தாழ்ப்பாள்? சாவிப்பூட்டு மட்டும்தான். நான் தினமும் போடுவது பழைய படம். ஒரே படம். ஆயிரம் பேரில் ஒருத்தியாவது கண்டுபிடிக்க வேண்டுமே, ஊஹூம்.

மறுபடியுமா? ஆமாம், அது சந்தா கட்டாதவர்களுக்கு ஞாபகப்படுத்துகிற சத்தம். கொஞ்சம் நீளமாக வைத்திருக்கிறேன். உறுத்த வேண்டுமில்லையா.

குழுவில் இருக்கிறவர்கள் யாராவது வீட்டுக்கு வருவார்களா என்றா கேட்கிறீர்கள்? இதை வந்ததும் ஒரு தரம் கேட்டீர்கள். வர மாட்டார்கள் அக்கா. வந்தால் நான் விட மாட்டேன். ஃபோனில் பார்த்தால் நான் ‘பெமிலா அக்கா’. நேரில் பார்த்தால் எண்ணெய் வடிகிற மூஞ்சியோடு ஒரு நைட்டி. மரியாதை போய்விடும்.

அந்தப் பெண்ணா? உங்களுக்கு எப்படி... ஓ, குழுவில் அப்படி ஒருத்தியைக் கரும்பலகையில் போட்டுக் கிழித்தார்கள் என்று கேள்விப்பட்டீர்களா. கோவில்பட்டி வரைக்கும் போய்விட்டதா அந்தப் பேச்சு? பரவாயில்லையே.

இசக்கிப்பிரியா. வள்ளியூர்ப் பக்கம். ஐந்து மாதப் பையன். குழுவில் சேர்ந்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. எழுதினால் ஒரு வரி. “சரிக்கா.” “இல்லக்கா.” “தெரியலக்கா.” முகம் தெரிகிற படம் கிடையாது, சனிக்கிழமை மாமியார் நேரத்தில்கூட வாயைத் திறக்க மாட்டாள். இந்த மாதிரி ஊமைகளால் குழுவுக்கு ஒரு லாபமும் இல்லை. தாழ்ப்பாள் நேரம் வந்ததும் முதல் நாள் படம் போடவில்லை. இரண்டாம் நாள் போடவில்லை. பெயர் கரும்பலகைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் போட்டாள். நல்ல கதவு, நல்ல பித்தளைத் தாழ்ப்பாள். எல்லாரும் இதயம் போட்டார்கள். ஒரு வாரம் போயிருக்கும், வசந்தா கண்டுபிடித்துவிட்டாள்.

வசந்தா இங்கே சாந்தி நகரில் இருக்கிறாள். கணவர் மின்சார வாரியம். குழுவில் வசந்தாவுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை ஏப்பம் விட முடியாது. அவள்தான் போட்டாள், “ஏட்டி, இது என் வீட்டுக் கதவு! என் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம்! இந்த மாசம் நான் போட்ட படத்தைத் திருடிப் போட்டிருக்கா!” அவ்வளவுதான். குழு அன்றைக்கு மாமியார் நேரத்தைவிட ஜோராக ஓடியது. “கதவைத் திருடுறவளை இப்பத்தான் பாக்கேன்.” “திருடனுக்குப் பயந்து தாப்பா போடச் சொன்னா, தாப்பாவையே திருடிட்டாளே.” “வீட்ல கதவு இருக்கா, சாக்கா?” நானும் சிரித்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். கரும்பலகையில் தனியாக ஒரு பெட்டி போட்டு அவள் பெயரை வைத்தேன். ஒரு வாரத்துக்குப் பேச்சு நிறுத்தம். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும்...

என்ன சொன்னீர்கள்?

“தாப்பா இருந்தால்லா போடுவா.”

ஹா. நல்லாச் சொன்னீர்கள் அக்கா. சிரிப்பு வந்துவிட்டது. இவள் விழித்துக்கொள்ளப் போகிறாள்.

இருங்கள், ஒரே நிமிஷம். பாளையங்கோட்டை வட்டத்தில் ஒருத்தி ஏதோ கேட்டிருக்கிறாள், இந்த ஃபோனிலிருந்தே பதில் போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் விட மாட்டார்கள். ஒரு கையால் அடித்து அடித்து எனக்குக் கட்டைவிரலே தேய்ந்துவிட்டது. ம். ஆயிற்று. பிள்ளைக்குச் சளியாம்.

எங்கே விட்டேன். ஆமாம், தாழ்ப்பாள் இருந்தால்தானே போடுவாள். அதையேதான் அவளும் பிறகு எனக்குத் தனியாக எழுதினாள். “எங்க வீட்டுக் கதவுல உள்பக்கம் தாப்பா இல்லக்கா.” நான் எழுதினேன், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், வாங்கி மாட்டு. அவள் எழுதினாள், “இருந்துச்சுக்கா. அவுகதான் கழட்டிட்டாக.” நான் என்ன எழுதினேன் தெரியுமா? புதுசு மாட்டத்தான் கழற்றியிருப்பார், வீட்டு வேலை செய்கிற புருஷன் வாய்த்ததற்குச் சந்தோஷப்படு என்று எழுதினேன். கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி. எங்கள் வீட்டில் ஒரு ஆணி அடிக்க நான் ஆறு மாதம் சொல்ல வேண்டும். எனக்கு அப்படித்தானே தோன்றும்? பிறகு எழுதினாள், “அறையிலயும் கழட்டிட்டாக. குளிக்கிற எடத்துலயும் கழட்டிட்டாக. வெளிய மட்டும் கொண்டி இருக்கு.” இதற்கு நான் பதில் போடவில்லை. அன்றைக்கு ஒரு டயப்பர் கம்பெனிக்காரனோடு விளம்பரப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆயிரம் பேர் அக்கா. ஒவ்வொருத்தி வீட்டு ஆணியையும் நான் எண்ண முடியுமா?

ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். அடிக்கிறார் என்றால் அடிக்கிறார் என்று சொல்ல வேண்டும். கதவு, கொண்டி, ஸ்குரூ என்று தச்சாசாரி மாதிரி எழுதினால் யாருக்குப் புரியும்? பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் இவளுகளுக்கு. முதலில் விஷயம், பிறகு விவரம்.

இப்போது எங்கே இருக்கிறாளா? எனக்கெப்படித் தெரியும்? குழுவை விட்டுப் போய்விட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டே போய்விட்டாள் என்று பேச்சு. அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். அங்கே இல்லையா? நீங்கள் விசாரித்தீர்களா? குழு ஆரம்பிக்கப் போகிறவர் இவ்வளவு விசாரிப்பது நல்லதுதான், ஒவ்வொரு மெம்பரையும் இப்படி அக்கறையாகப் பார்த்தால் உங்கள் குழு எங்கேயோ போய்விடும்.

காப்பி போடட்டுமா? பால் இல்லை, கட்டங்காப்பிதான். வேண்டாமா. சரி.

பிள்ளை அந்த வீட்டு வாரிசுதான், இல்லை என்று யார் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், சரிதான். கை நீட்டாத ஆம்பிள யாரு என்கிறீர்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம், சரிதான். நீங்கள் சொல்வதற்கெல்லாம் நான் சரிதான் என்று சொல்கிறேன், பாருங்கள். கான்வென்ட்டில் பழக்கிவிட்டார்கள். உள்ளே நடுங்கினால் வெளியே தலையாட்டு.

தம்பி ஹாரன் அடிக்கிறார். பொறுமை இல்லாதவர் போல. இரண்டு தரம் அடித்தாயிற்று. பச்சைப் பிள்ளைகள் இருக்கிற தெரு, அடுத்த வீட்டுக்காரர் வந்து கத்துவார்.

இல்லை அக்கா, அந்தத் திரையை விட்டுவிடுங்கள். சொன்னேனே, துணி.

வாசலில் கிடக்கிற செருப்பா? இரண்டு ஜோடி கிடந்தால் என்ன, எனக்கு நான்கு ஜோடி இருக்கிறது. அது சின்னக் காலா? என் கால் சின்னதுதான். பார்க்கிறீர்களா? நல்ல கண் உங்களுக்கு. குழுவில் இருந்திருந்தால் வசந்தாவுக்குச் சரியான ஜோடி.

மணி என்ன, எட்டு இருபத்தைந்தா? தாழ்ப்பாள் நேரம் வந்துவிட்டதே. நான் படம் போட்டால்தான் மற்றவர்கள் போடுவார்கள். வெளியாட்களை உள்ளே வைத்துக்கொண்டு தாழ் போட முடியாது, விதி. நீங்கள் கிளம்பினால்... என்ன? என் தாழ்ப்பாள்தான் இறங்காதே என்கிறீர்களா. ஆமாம். நானே சொன்னேனில்லையா. என் வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பெருமைக்குச் சொல்லித் தொலைத்தேன்.

தம்பியை உள்ளே கூப்பிடப் போகிறீர்களா. “அவனே வந்து பாத்துக்கிடட்டும்” என்கிறீர்கள். உங்கள் குரல் மாறிவிட்டது அக்கா. இவ்வளவு நேரம் கேட்ட குரல் நன்றாக இருந்தது.

கூப்பிடுங்கள். நான் தடுக்க முடியுமா, கையில் பிள்ளை. போய்க் கூப்பிடுங்கள். வாசற்படி ஒன்று உடைந்திருக்கிறது, பார்த்து இறங்குங்கள்.

என்ன நின்றுவிட்டீர்கள்?

ஓ, அவர்களா. அவர்கள் நம் குழுதான். பாளையங்கோட்டை வட்டம். உங்கள் தம்பி பைக்குக்கு முன்னால் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறாளே, தலையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல், நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, அதுதான் வசந்தா. சொன்னேனே, மாவிலைத் தோரணம். இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவள் எம்.ஃபில். மற்றவர்கள் பெயர் எனக்கே தெரியாது, கதவைக் காட்டினால் சொல்வேன். பாருங்கள் லட்சணத்தை. ஒருத்தி கையில் தோசைக் கரண்டி. ஒருத்தி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். சளி என்று உங்களிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னேன், ஒரு ஒழுங்கு கிடையாது இவளுகளுக்கு. எட்டரைக்கு ஒருத்தி விடாமல் உள்ளே இருக்க வேண்டிய கழுதைகள்.

இறங்கிப் போங்கள் அக்கா, இறங்குங்கள். நான் கதவைச் சாத்துகிறேன்.

கேட்கிறதா? கதவுக்குப் பக்கத்தில் வாருங்கள், என்னால் கத்த முடியாது, குழந்தைகள் இருக்கின்றன. குழந்தைகள். ஆமாம், இரண்டு.

தாழ்ப்பாள் இல்லை என்று நீங்கள் சொன்னபோது நான் அதை உங்களிடம் சொல்லியிருக்கவில்லை. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அப்புறம் கழற்றினவருக்குத் தெரியும், கழற்றினபோது பக்கத்தில் நின்று ஸ்குரூவைக் கையில் வாங்கினவருக்குத் தெரியும். நாத்தனார் ஒருத்தி உண்டு, பெயர் கனி இல்லை, வேறு. இசக்கி சொல்லியிருக்கிறாள். நீங்கள் வருவதற்கு முன் பெயரையாவது நன்றாக யோசித்திருக்கலாம்.

தள்ளாதீர்கள். சாவி உள்ளே கிடக்கிறது, நான் முதுகைக் கொடுத்து நிற்கிறேன். வசந்தா! அந்த ஆளைக் கேட்டுக்குள்ளே விடாதே! ஹெல்மெட்டைக் கழற்றாதே, அப்படியே இரு! போலீசுக்கு யார் அடித்தது? அடித்தாயிற்றா? நல்லது. ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்தீர்களே.

இசக்கி ஞாயிற்றுக்கிழமை இருட்டின பிறகு வந்தாள் அக்கா. இதே வாசலில் நின்றாள். பையன் வீரிட்டு அழுதான். நான் உள்ளே. வாசலில் குழந்தை அழுகிறது. திறக்காதீர்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் நான், பொய் என்று தெரிந்தே சொன்னவள். அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு இந்த இடத்தில்தான் நின்றேன். திறக்கவில்லை. ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடித்தேன், திறக்கவில்லை. பையன் அழுது அழுது தொண்டை கட்டிய பிறகுதான் திறந்தேன், ஏனென்றால் டேப்பாக இருந்தால் தொண்டை கட்டாது. அவள் என்னைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? “ஸாரிக்கா, இன்னைக்கும் படம் போடல.” லூசு. சுத்த லூசு. இவளையெல்லாம் வைத்துக்கொண்டு நான் எப்படித் தொழில் பண்ணுவது?

தள்ளாதீர்கள் என்றேன்! இசக்கி! நீ ஏன் வெளியே வந்தாய்? பிள்ளையை எங்கே போட்டாய்? உள்ளே போ. போகிறாயா இல்லையா? இறங்காது என்று உனக்கு எத்தனை தடவை சொல்வது? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதே வேலை அக்கா இவளுக்கு. மத்தியானம் ஆனால் என் தேங்காய் எண்ணெயை எடுத்து இந்தத் தாழ்ப்பாளுக்கு ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். அரை பாட்டில் காலி. கதவெல்லாம் பிசுக்கு. மழையில் உப்பின மரம் எண்ணெய்க்கா இறங்கும் என்று திட்டினேன், கேட்டாளா? எதற்குமே வாயைத் திறக்காதவள், திட்டினாலும் திறக்க மாட்டாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். மேலே, கீழே. மேலே, கீழே.

நகரச் சொல்கிறாயா? நான் நகர்ந்தால் கதவு திறந்துகொள்ளும். சரி. சரி, தோளைக் கொடுக்கிறேன், நீ இரண்டு கையாலும் பிடி. பிடித்தாயா? பலமாக. உன் வீட்டுக் கதவு என்று நினைத்து இறக்கு.

‘டக்’கென்று விழுந்ததே, கேட்டீர்களா அக்கா?

அது ஃபோன் இல்லை.